தொழுவத்துக்கு அருகில் ஒரு மீன் தொட்டி: கால்நடைப் பண்ணையில் சிறு அக்வாபோனிக்ஸ் பற்றிய நிகழ்வு ஆய்வு

மாடு வளர்ப்பவர்கள், மீன் தொட்டித் தண்ணீரைக் கொண்டே மண்ணில்லாமல் செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் பற்றிக் கேள்விப்பட்டதும் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சாணியைத் தொட்டியில் போடலாமா?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மீன் கழிவு செடிக்கு உரமாகிறது என்றால் மாட்டுக் கழிவு ஏன் ஆகாது? அதுவும் பண்ணையில் சாணிக்குப் பஞ்சமே இல்லாதபோது? ஆனால் பதில், கூடவே கூடாது. ஏன் கூடாது என்று புரிந்துவிட்டால், கால்நடைப் பண்ணையில் இந்த அமைப்பை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது, அதிலிருந்து எதை எதிர்பார்ப்பது என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

ஆய்வுக்காக ஒரு மாதிரிப் பண்ணையை எடுத்துக்கொள்கிறேன். எட்டுக் கறவை மாடு, சில கன்றுகள், பத்துப் பன்னிரண்டு ஆடு, கொஞ்சம் கோழி. ஒரு ஆழ்துளைக் கிணறு, தீவனப்புல்லுக்குச் சிறு நிலம். கறவை இயந்திரமும் அதற்கென்று ஒரு ஜெனரேட்டரும் உண்டு. வேலை செய்வது குடும்பத்தில் இரண்டு பேர். பண்ணை கணக்குக்காக வரைந்ததுதான். ஆனால் அதில் வரும் தண்ணீர், தீவனம், நைட்ரஜன் கணக்குகள் எந்த ஊர்ப் பண்ணைக்கும் பொருந்தும்.

இந்தப் பண்ணைக்கு ஏன் இன்னொரு தொழில்? பால் தினமும் வருகிறது, ஆனால் வரவு முழுக்க அந்த ஒரே வழியில்தான். இரண்டு மாடு ஒரே சமயத்தில் வற்றினாலோ, மடிநோய்க்கு மருந்து போட்டுப் பாலைக் கொட்ட வேண்டி வந்தாலோ, அந்த மாதம் சரிந்துவிடும். கன்று வளர்ந்து பலன் தர ஆண்டுகள் ஆகும். இடையே வாரா வாரம் அறுக்கிற பயிர் ஒன்று இருந்தால் கைக்குக் கொஞ்சம் தெம்பு. நிலம் முழுக்கத் தீவனப்புல்லுக்கே போய்விடுகிற பண்ணையில், வீட்டை ஒட்டி முப்பது சதுர மீட்டருக்குள் முடிகிற ஒரு தொழில் என்பதால் அக்வாபோனிக்ஸ் யோசிக்கத் தகுந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மாடு வளர்ப்பவருக்கு, தீவனத்தில் வாய் வைக்காத மாட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண் இருக்கும். மீன் வளர்ப்பில் முதல் எச்சரிக்கையே தீவனம் எடுக்காததுதான். ஆக்சிஜன் குறைந்தாலும், அமோனியா ஏறினாலும், நோய் தொடங்கினாலும் மீன் முதலில் சாப்பாட்டைத்தான் விடும். பயிர் மட்டும் செய்து பழகியவரைவிட, வேளை தவறாமல் உயிருக்குத் தீவனம் வைத்துப் பழகியவருக்கு இந்தத் தொழில் சீக்கிரம் கைவரும்.

அளவை எங்கிருந்து தொடங்குவது

அமைப்பு வேலை செய்யும் விதம் எளிது. மீன் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ள, தண்ணீர் திரும்ப மீன் தொட்டிக்கே போகிறது.

எத்தனை மீன் விடலாம் என்று யோசித்துத் தொடங்கினால் கணக்கு உதைக்கும். தொடங்க வேண்டிய இடம் செடிப் படுக்கையின் பரப்பு. ஐ.நா. உணவு மற்றும் வேளாண் நிறுவனம் 2014 இல் சிறு அளவு அக்வாபோனிக்ஸுக்காக வெளியிட்ட வழிகாட்டி, கீரை வகைகளுக்குப் படுக்கையின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் என்கிறது. காய்க்கிற செடிகளுக்கு 50 முதல் 80 கிராம். விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி குழுவினர் பல ஆண்டுகள் நடத்திய மிதவைப் படுக்கை (மிதக்கும் பலகையில் செடி நட்டு, வேரைத் தண்ணீரில் தொங்கவிடுவது) அமைப்பில் இது 60 முதல் 100 கிராம் வரை போயிருக்கிறது. அமைப்பைப் பொறுத்து எண் மாறும். நம் பண்ணைக்கு 45 கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆறு சதுர மீட்டர் படுக்கை என்றால் நாளுக்கு 270 கிராம் தீவனம். வளர்ந்துவரும் மீன் தன் எடையில் ஏறக்குறைய 1.5 சதவீதம் தின்னும் என்று கொண்டால், தொட்டியில் சராசரியாக 18 கிலோ மீன் இருக்க வேண்டும். அதற்கு 1000 லிட்டர் தண்ணீர் போதும். 1000 லிட்டருக்கு 20 கிலோவைத் தாண்டாமல் இருப்பதுதான் புதியவருக்கு நல்லது. இதை 500 லிட்டர் தொட்டிகள் இரண்டாகப் பிரித்தால் வயது வேறுபட்ட மீன்களைத் தனித்தனியே வைக்கலாம், பெரியது சின்னதை விரட்டாது. மிதவைப் படுக்கை 25 சென்டிமீட்டர் ஆழம் என்றால் அதில் 1500 லிட்டர். வடிகட்டியும் சேகரிப்புத் தொட்டியும் சேர்த்து மொத்தம் சுமார் 3000 லிட்டர்.

தண்ணீர்ச் செலவைப் பார்க்கும்போதுதான் பண்ணைக்காரருக்கு நிம்மதி வரும். செடி உறிஞ்சுவதும் ஆவியாவதுமாக நாளுக்கு மொத்தத் தண்ணீரில் 1 முதல் 3 சதவீதம் குறையும். அதாவது 30 முதல் 90 லிட்டர். நல்ல கறவையில் இருக்கிற ஒரு மாடு குடிக்கிற தண்ணீருக்கு மேல் போகாது.

சாணி ஏன் கூடாது

இப்போது நைட்ரஜன் கணக்கு. 32 சதவீதப் புரதம் உள்ள மீன் தீவனத்தில் நைட்ரஜன் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். நாளுக்கு 270 கிராம் தீவனம் என்றால் உள்ளே போகும் நைட்ரஜன் வெறும் 14 கிராம். அதில் அமோனியாவாகத் தண்ணீரில் கலப்பது சுமார் 8 கிராம். இந்த 8 கிராமைக் கொண்டுதான் ஆறு சதுர மீட்டர் செடியும் வளர்கிறது. மறுபக்கம், ஒரே ஒரு கறவை மாடு நாள்தோறும் சாணியிலும் மூத்திரத்திலும் வெளியேற்றுவது 100 கிராமுக்கு மேல். நிறையக் கறக்கும் பெரிய மாடாக இருந்தால் 400 கிராமைத் தாண்டும்.

எட்டு மாடு உள்ள பண்ணையில் நைட்ரஜன் ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடக்கிறது. அக்வாபோனிக்ஸ் அதில் ஒரு துளியைக்கூடக் கரைக்காது. சாணிக்கு வழி தேடுகிறவருக்குச் சாண எரிவாயுக் கலனும் மட்கு உரக் குழியும் தீவனப்புல் நிலமும்தான் சரியான வழி. சாணியைத் தீர்க்கும் சாதனம் என்று நினைத்து மீன் தொட்டி வைப்பவர் ஏமாந்துதான் போவார்.

"குளத்தில் சாணி போட்டு மீன் வளர்ப்பதில்லையா?" என்று கேட்பார்கள். உண்மைதான், மண் குளத்தில் அது பழைய முறை. அங்கே சாணி நேராக மீனுக்குப் போவதில்லை. மிதவை நுண்ணுயிர்கள் பெருக உதவுகிறது, மீன் அவற்றைத் தின்கிறது. பரந்த நீர்ப்பரப்பும் வெயிலும் அடிமண்ணும் சேர்ந்து அந்தச் சுமையைத் தாங்குகின்றன. 500 லிட்டர் தொட்டியில் இது எதுவும் கிடையாது. போட்ட சாணி அழுகத் தொடங்கியதுமே தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீனுக்கும் ஆக்சிஜன் வேண்டும், வேருக்கும் வேண்டும், அமோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கு எல்லாவற்றையும்விட அதிகம் வேண்டும்: ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க அதற்கு நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவை.

இதையெல்லாம்விட முக்கியமானது கிருமி. மனிதருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கோளாறும் தரக்கூடிய ஈ.கோலை ஓ157 போன்ற வகைகளுக்கு மாடுதான் முக்கிய உறைவிடம். மாடு நோய்க்குறி எதுவும் இல்லாமல் அதைச் சுமக்கும். மீன் குளிர் ரத்த உயிர். இந்தக் கிருமிக்கு அது இயல்பான வீடு இல்லை. ஆகவே அக்வாபோனிக்ஸ் தண்ணீரில் ஈ.கோலை தென்பட்டால், வெளியிலிருந்து ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், நச்சு உண்டாக்கும் ஈ.கோலை மீன் கழிவிலும் தண்ணீரிலும் செடிகளின் வேர்ப்பரப்பிலும் இருந்தது. நாம் உண்ணும் பகுதிக்குள் அது ஊடுருவியிருக்கவில்லை. இருந்தாலும், அறுவடை செய்யும்போது சொட்டுகிற வேர்த்தண்ணீர் இலையில் பட்டால் போதும். பச்சையாகத் தின்னும் இலையை விற்கப் போகிறோம் என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது.

அதனால் இந்தப் பண்ணையில் முதல் விதி: தொழுவமும் அக்வாபோனிக்ஸும் பக்கத்தில் இருக்கலாம், கலக்கக் கூடாது. தொட்டிப் பக்கம் போக வேறு செருப்பு, வேறு வாளி. நுழையுமிடத்தில் கை கழுவக் குழாய். முடிந்தால் தொட்டி வேலையை முடித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போவது. தலைகீழாகச் செய்தால் கை, கால், உடை எல்லாம் கழுவிய பிறகே தொட்டிக்கு. கோழிகளை உள்ளே விடவே கூடாது. எலி ஏறாதபடி தீவன மூட்டைக்கு மூடி வேண்டும். தொழுவத்தைக் கழுவிய தண்ணீர் மழைக்காலத்தில்கூட அந்தப் பக்கம் வழியாதபடி மேட்டிடம் பார்க்க வேண்டும். காற்று பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. தொழுவத்திலிருந்து எழும் அமோனியாவும் தூசியும் திறந்த தண்ணீரில் வந்து சேரும்.

மருந்து அலமாரி

கால்நடைப் பண்ணையில் மீன் சாவதற்கு இருக்கும் வழிகளில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். உண்ணிக்கும் ஈக்கும் அடிக்கிற டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மாட்டுக்குப் பாதுகாப்பானவை, மீனுக்குக் கொடிய நஞ்சு. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவிலேயே டெல்டாமெத்ரின் பல மீன்களைக் கொல்லக்கூடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.25 சதவீத மருந்தில் கால் மில்லி போதும், 3000 லிட்டர் தண்ணீரும் அந்த அளவுக்கு வந்துவிடும். மருந்து கலக்கிய வாளியை அலசாமல் தொட்டிக்குத் தண்ணீர் எடுத்தாலோ, தெளித்த கையோடு மீனுக்குத் தீவனம் போட்டாலோ கதை முடிந்தது. மருந்து தெளிக்கும் நாளில் அமைப்பை மூடி வைத்து, அன்று தீவனம் போடும் வேலையை மற்றவரிடம் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

குளம்பு நோய்க்கு மாட்டை நிறுத்தும் மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலும் அப்படித்தான். தாமிரம் மீனின் செவுளைத் தாக்கும், அதுவும் உப்புக் குறைந்த மென்னீரில் மிகச் சிறிய அளவே போதும். கறவை இயந்திரத்தைக் கழுவும் குளோரின், காம்பு முக்கும் அயோடின் இரண்டும் கிருமியைக் கொல்வதற்கென்றே இருப்பவை. அவை வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. மீனுக்கு நோய் வந்தால் கால்நடை மருந்து அலமாரியைத் திறந்து எதையாவது ஊற்றும் பழக்கமும் வரக் கூடாது. தண்ணீர் ஒன்றே என்பதால், மீனுக்குப் போட்டது கீரைக்கும் போகும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கேதான் சிகிச்சை.

தீவன மூட்டையும் இதே பட்டியலில் சேரும். மாட்டுக்கான அடர் தீவனத்தை மீனுக்குப் போடக் கை நீளும். அதில் புரதம் போதாது. சில தீவனங்களில் யூரியா வேறு கலந்திருக்கும். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கும், மீனுக்கு அந்த வசதி இல்லை. யூரியா தண்ணீரைக் கெடுப்பதோடு சரி. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. மீன் தீவனத்தில் மீன்தூள் போன்ற விலங்குப் புரதம் இருக்கும். பைத்தியப் பசு நோய்க்குப் பிறகு பல நாடுகள் அசைபோடும் விலங்குகளுக்கு விலங்குப் புரதம் கொடுப்பதைச் சட்டப்படி தடுத்திருக்கின்றன. எனவே இரண்டு மூட்டைகளும் இரண்டு அறைகளில்தான் இருக்க வேண்டும், அளக்கும் படியும் வேறு வேறு.

பழைய பாத்திரங்களை என்ன செய்வது

பண்ணையில் சும்மா கிடக்கும் பொருளை வைத்துச் செலவைக் குறைக்க நினைப்பது இயல்பு. எல்லாம் ஒத்துவராது. துத்தநாகப் பூச்சுள்ள பழைய தண்ணீர்த் தொட்டி வேண்டாம்; அக்வாபோனிக்ஸ் தண்ணீர் போகப் போகச் சற்று அமிலமாகும், அது துத்தநாகத்தைக் கரைத்து மீனுக்குக் கொடுக்கும். தாமிரக் குழாயும் வேண்டாம். மருந்தோ பூச்சிக்கொல்லியோ வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். உணவுப் பொருள் வந்த பிளாஸ்டிக் பீப்பாய், 1000 லிட்டர் சதுரக் கலன், தார்ப்பாய் விரித்த மரச்சட்டப் படுக்கை எல்லாம் தாராளமாக உதவும். வெயில் நேராகப் படும் தொட்டிகளைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டால் பாசி பிடிக்காது.

மிதவைப் படுக்கை என்பதால் மீன் தொட்டிக்கும் படுக்கைக்கும் நடுவே திடக்கழிவு வடிகட்டி கட்டாயம். தின்ற தீவனத்தின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எச்சமாக வெளியே வரும். நம் கணக்கில் நாளுக்கு 70 கிராம். சொல்லும்போது சிறிதாகத் தெரிகிறது, ஆனால் அது வேரில் போய் ஒட்டினால் செடி வாடத் தொடங்கிவிடும். தண்ணீரைச் சுழலவிட்டுக் கசடைக் கீழே படியவைக்கும் ஒரு கூம்புத் தொட்டி, அதை அடுத்து வலை அடைத்த ஒரு தொட்டி, இரண்டும் போதும்.

முதல் மாதங்கள்

மீன் வாங்கும் முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கால்நடைப் பண்ணைக் கிணறு என்பதால் நைட்ரேட்டும் ஈ.கோலையும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. உப்புத்தன்மையும் கடினத்தன்மையும் அடுத்து.

அதன்பின் மீனில்லாமலே அமைப்பை ஓடவிட்டு, சிறிது சிறிதாக அமோனியம் குளோரைடு சேர்த்துப் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். மாட்டு மூத்திரத்தை ஊற்றினால் ஆகாதா என்று கேட்டால், மேலே சாணிக்குச் சொன்ன காரணமே இதற்கும். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குளிரில் இன்னும் இழுக்கும். முதலில் அமோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் இறங்கி நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கட்டம் வந்த பிறகே மீன்.

எந்த மீன் என்பதை முதலில் தீர்மானிப்பது அந்த நாட்டுச் சட்டம். திலாப்பியா தாங்கும் திறன் மிக்கது, 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாக வளரும். ஆனால் பல இடங்களில் அதை வளர்க்க அனுமதி வேண்டும், சில இடங்களில் வளர்க்கவே கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் இதே நிலை. குளிர்ந்த இடங்களில் கெண்டை வகைகள் பொருந்தும்.

அறுபது விரலளவுக் குஞ்சுகளை விடுகிறோம் என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 20 கிராம் என்றால் மொத்தமே 1.2 கிலோ. குஞ்சு தன் எடையில் 4, 5 சதவீதம் தின்னும். அப்படியும் நாளுக்கு 60 கிராம்தான். 45 கிராம் கணக்கில் இது ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல்தான் போதும். ஆறு சதுர மீட்டரையும் அன்றே நட்டால் எல்லாச் செடியும் மஞ்சளாகி நிற்கும், "அமைப்பு சரியில்லை" என்ற மனச்சோர்வும் வரும். அமைப்பில் கோளாறு ஒன்றும் இல்லை, தீவனம்தான் இன்னும் ஏறவில்லை. தீவனம் ஏற ஏற நடவும் ஏற வேண்டும். அதேபோல் ஒரு தொட்டி மீனை முழுக்கப் பிடித்துவிட்டால் தீவனம் பாதியாகிவிடும். அந்த வாரம் புதிய நாற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தொட்டி, இரண்டு வயது என்ற ஏற்பாடு இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சமன் செய்கிறது.

தினமும் பார்க்க வேண்டியவை குறைவு: மீன் தின்கிறதா, காற்றுக்குமிழி வருகிறதா, வெப்பம் எவ்வளவு. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் (கூடினால் அமிலம் குறைவு), அமோனியா, நைட்ரைட் ஆகியவற்றை முதல் மாதங்களில் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். அமோனியாவின் ஆபத்து அமிலத்தன்மையோடு சேர்ந்தே மாறும். 25 டிகிரியில் பி.எச். 7 இருந்தால் மொத்த அமோனியாவில் நஞ்சாக இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 8 ஆனால் 5 சதவீதம். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மீன், செடி, பாக்டீரியா மூன்றும் ஒத்துப்போகிற இடம் 6 க்கும் 7 க்கும் நடுவில் இருக்கிறது.

பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை குறையும். 8 கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக்கல்) கணக்கில் நாளுக்கு 50 கிராமுக்கு மேல் தேவைப்படும். செடி நைட்ரேட்டை எடுக்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும். பி.எச். 6.5 க்குக் கீழே போகத் தொடங்கும்போது கால்சியம் ஹைட்ராக்சைடையும் பொட்டாசியம் பைகார்பனேட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் இரண்டு வேலை முடியும். மீன் தீவனத்தில் செடிக்குப் போதாதவை கால்சியம், பொட்டாசியம், இரும்பு மூன்றும்தான். முதலிரண்டும் இந்த வழியில் கிடைத்துவிடும். இரும்பைச் செலேட் வடிவில் (தண்ணீரில் கரைந்தே நிற்கும் சேர்மமாக) தனியே சேர்க்க வேண்டும். புது இலை நரம்பு பச்சையாக இருக்க நடுவில் வெளுத்தால் இரும்பு போதவில்லை. பழைய இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம்.

மின்சாரம் போனால்

18 கிலோ மீன், 1000 லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ மீன் மணிக்கு 300 மில்லிகிராம் ஆக்சிஜன் இழுக்கும் என்று கொண்டால், மொத்தம் 5.4 கிராம். தண்ணீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் இருந்தது என்றால், காற்று நின்ற ஒரு மணி நேரத்தில் அது 2 க்கும் கீழே. மாடு ஒரு வேளை கறக்கத் தாமதமானால் கத்தும். மீன் சத்தமே இல்லாமல் செத்துவிடும். கறவை இயந்திரத்துக்கு ஜெனரேட்டர் இருப்பது இந்தப் பண்ணையின் பெரிய பலம், ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதை யார் போய்ப் போடுவது? தானாக இயங்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான் என்பேன். மின்சாரம் அடிக்கடி போகும் காலத்தில் மாலைத் தீவனத்தைக் குறைப்பதும் உதவும், தின்ற மீன் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும்.

பண்ணையோடு உண்மையில் இணையும் இடங்கள்

சாணி இல்லை என்றால் வேறு என்னதான் இணைப்பு? கழிவு ஓட வேண்டிய திசை அக்வாபோனிக்ஸிலிருந்து பண்ணைக்கு. வடிகட்டியில் சேரும் கசடை மட்கு உரக் குழியிலோ சாண எரிவாயுக் கலனிலோ சேர்க்கலாம், தண்ணீரோடு தீவனப்புல்லுக்கும் விடலாம். அறுவடையில் கழிகிற வேரும் பழுத்த இலையும் சுத்தமாக இருந்தால் ஆட்டுக்குப் போகும்.

கசடுத் தண்ணீரில் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியை வளர்த்து மாட்டுக்கும் மீனுக்கும் போடலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். செய்யலாம், ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு. பச்சை அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு கிலோவில் உலர்பொருள் 60 கிராம் அளவில் இருக்கும், அதில் புரதம் கால் பங்கு என்றால் 15 கிராம். ஒரு கறவை மாட்டின் தேவைக்கு முன் இது சொற்பம். கோழிக்கும் மீனுக்கும் இடைத்தீனியாகத் தகும். அடர் தீவனத்தின் இடத்தை அது பிடிக்காது.

குளிர் உள்ள இடங்களில் எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு பாலின் வெப்பம். நூறு லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது வெளியேறும் வெப்பம் 1000 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 3 டிகிரி சூடாக்கப் போதும். வழக்கமாக அது காற்றில் வீணாகப் போகிறது. குளிர்விப்பானின் வெப்பத்தை ஒரு நீர்ச் சுற்றில் பிடித்து, மீன் தொட்டிக்குள் மூடிய சுருள் குழாய் வழியே ஓடவிட்டால் குளிர்கால வெப்பச் செலவு குறையும். மீன் தண்ணீர் எந்த நிலையிலும் பால் கருவியைத் தொடக் கூடாது, அதற்குத்தான் மூடிய சுருள்.

கடைசியாக நேரம். காலையும் மாலையும் கறவைக்கு எழுந்தே ஆக வேண்டிய குடும்பத்துக்கு, மீன் தீவனம் அதே வேளைகளில் பொருந்திவிடுகிறது. வாரம் ஒரு நாள் நாற்று, அறுவடை, வடிகட்டி சுத்தம் என்று சில மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும். தீவனப்புல் அறுப்பும் ஈற்றுக் காலமும் சேர்ந்து வரும் மாதங்களில் அந்த நேரம் கிடைக்குமா என்பதை முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

வரவு

நாளுக்கு 270 கிராம் என்றால் ஆண்டுக்கு சுமார் 99 கிலோ தீவனம். 1.6 கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ மீன் என்ற திறமையான விகிதத்தில் 60 கிலோ மீன் வரும். எட்டு மாடு சராசரியாகப் பத்து லிட்டர் கறந்தால் அது பண்ணையின் ஒரே நாள் பாலின் எடையைவிடக் குறைவு. முதல் ஆண்டில் இந்த 60 ஐயும் எதிர்பார்க்கக் கூடாது. செடியின் பக்கம் நிலைமை மேல்: ஒரு சதுர மீட்டரில் 20 முதல் 25 இலைச்செடி, ஆறு சதுர மீட்டரில் 120 முதல் 150. நட்டு நான்கைந்து வாரத்தில் அறுக்கலாம் என்பதால் வாரம் 30 செடி கிடைத்துக்கொண்டே இருக்கும். இந்த அளவில் மீன் உரத் தொழிற்சாலையாகவும் வீட்டுச் சாப்பாடாகவும் இருக்கும். விற்பனை என்று சொல்லத்தக்கது இலைதான். அதனால் அமைப்பு வைப்பதற்கு முன் இலை வாங்க யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். பால் வாங்க தினம் வருகிறவர்களே முதல் வாடிக்கையாளர்கள் ஆகலாம், இது புதிதாகத் தொடங்கும் வேறு யாருக்கும் கிடைக்காத வசதி.

வணிக அக்வாபோனிக்ஸ் நடத்துவோரிடம் டேவிட் லவ் குழுவினர் எடுத்து 2015 இல் வெளியிட்ட பன்னாட்டுக் கணக்கெடுப்பில், பதிலளித்த 257 பேரில் முந்தைய ஆண்டில் லாபம் பார்த்ததாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீனும் காயும் தவிரப் பயிற்சி, பொருள் விற்பனை என்று வேறு வரவும் வைத்திருந்தவர்களுக்கே லாப வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இந்த எண் என்னைச் சோர்வடையச் செய்யவில்லை. அக்வாபோனிக்ஸை மட்டும் நம்பி இறங்கியவர் சுமக்கும் வட்டியும் வாடகையும், ஏற்கெனவே நிலமும் தண்ணீரும் ஜெனரேட்டரும் வைத்திருக்கும் மாட்டுப் பண்ணைக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் கடன் வாங்கிப் பெரிதாகத் தொடங்குவதற்கு இது நல்ல தடுப்பு.

ஓர் ஆண்டு முழுக்க, எல்லாப் பருவமும் பார்த்த பிறகே விரிவாக்கம் பற்றிப் பேச வேண்டும். அதற்குள் குறிப்பேட்டில் நாள்வாரித் தீவனம், இறந்த மீன், வாரம் அறுத்த செடி, விற்காமல் திரும்பிய செடி, மின்சாரச் செலவு, செலவழித்த நேரம் எல்லாம் இருக்க வேண்டும். விற்காமல் திரும்பியது அதிகம் என்றால் படுக்கையைக் கூட்டிப் பயனில்லை. தேவை அதிகம், உற்பத்திதான் போதவில்லை என்றால், இருக்கிற தொட்டியைப் பெரிதாக்குவதைவிட இதே அளவில் இரண்டாவது அமைப்பைத் தனித் தண்ணீர், தனிக் காற்றுப் பம்போடு வைப்பது மேல். ஒன்றில் நோயோ நஞ்சோ புகுந்தால் மற்றது பிழைக்கும். அப்புறம் ஒரு வசதி: பழைய அமைப்பு நோயில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால், அதன் வடிகட்டியிலிருந்து பாக்டீரியா படிந்த வலையில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் போடலாம். பாக்டீரியா வளரக் காத்திருக்கும் வாரங்கள் அதனால் நன்றாகக் குறையும்.